மழைக்கு முன் நடப்படும் தக்காளி: ஆதாயமும் ஆபத்தும்

தைப்பொங்கலுக்கு முன்னர் சந்தைக்கு வரும் தக்காளியின் விலையும் மாசி, பங்குனி மாதங்களில் அதே தக்காளிக்குக் கிடைக்கும் விலையும் ஒன்றல்ல என்பதை வடக்கு, கிழக்கில் தோட்டஞ் செய்யும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மார்கழியில் கேட்டும் கிடைக்காத பழம், இரண்டு மாதங்கள் கழிந்ததும் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடக்கின்றது. பறிகூலிக்கும் ஏற்றுகூலிக்கும் கட்டுப்படியாகாத நிலையில் பழத்தைச் செடியிலேயே அழுகவிடுவோரும் மாட்டுக்குப் போடுவோரும் உளர். இந்த வேறுபாடே, "இம்முறை சற்று முந்தி நட்டால் என்ன?" என்ற எண்ணத்தைப் புரட்டாதி தோறும் கமக்காரர் மனதில் எழுப்புகின்றது.

எண்ணம் தவறானதன்று. நத்தார், பொங்கல், தை மாதத்துத் திருமணங்கள் என்று கேள்வி மிகும் காலம் அது. அத்துடன் நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருவதால், 2026 இல் பெப்ரவரியில் ஆரம்பித்த றமழான் 2029 இல் பொங்கலை ஒட்டி ஜனவரி நடுப்பகுதியில் ஆரம்பிக்கும். எனவே எதிர்வரும் சில ஆண்டுகளில் ஜனவரி மாதத்துத் தக்காளிக்கான தேவை குறையப் போவதில்லை. ஆயினும் முந்தி நடுதல் என்பது நாட்காட்டியில் ஒரு மாதத்தை முன்னே தள்ளிவிடும் காரியம் மாத்திரமல்ல. அந்த ஒரு மாதத்தில் பயிர் எதிர்கொள்ளும் வானிலை முற்றிலும் வேறானது.

கணக்கைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். விதை மேடையில் தூவப்பட்டு 21 முதல் 25 நாட்களில் நாற்று நடுகைக்குத் தயாராகும். நட்ட சுமார் நான்கு வாரங்களில் பூக்கத் தொடங்கும். முதற் பழம் பறிப்பதற்கு நடுகையிலிருந்து 65 முதல் 75 நாட்கள் வரை செல்லும். ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் பழம் வேண்டுமாயின் ஒக்டோபர் கடைசிப் பகுதியில் நாற்று தரையில் இருக்க வேண்டும். விதை ஒக்டோபர் முற்பகுதிக்குள் மேடையில் விழுந்திருக்க வேண்டும். அவ்வாறெனில் பூக்கும் பருவம் எப்போது வருகின்றது? நவம்பரின் கடைசி வாரம், டிசம்பரின் முதல் வாரம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி உச்சம் பெறுவதும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகுவதும் அந்நாட்களிலேதான். 2008 இல் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா சூறாவளி நவம்பர் கடைசி வாரத்தில் வந்தது. 2020 இல் புரெவி டிசம்பர் 2 ஆம் திகதி கிழக்குக் கரையைத் தொட்டது. 2025 இல் நாடு முழுவதையும் உலுக்கிய டித்வா மீண்டும் நவம்பர் கடைசி வாரத்திலேயே வந்தது. முந்தி நட்ட தக்காளி பூவும் பிஞ்சுமாக நிற்கும் வாரங்கள் இவையே.

மழை தக்காளிக்கு ஏன் இவ்வளவு பகையாகின்றது என்பதை அறிய அதன் பூர்வீகத்தை நோக்க வேண்டும். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரின் மேற்குப் புறத்தே, வரண்ட சரிவுகளில் வளர்ந்த செடிகளின் வழித்தோன்றல் இது. நீர் தேங்கிய மண்ணில் இதன் வேர் மூச்சுத் திணறுகின்றது. இரண்டு மூன்று நாட்கள் வெள்ளம் நின்றாலே செடி மடிந்துவிடக் கூடும். தக்காளிப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. காற்றிலோ தேனீயின் அதிர்விலோ மகரந்தம் உதிர வேண்டும். இடைவிடாது நனையும் பூவில் மகரந்தம் ஒட்டிக்கொள்ள, பூ காய்க்காமலே உதிர்கின்றது. பிந்திய வெளிறல் போன்ற பூஞ்சண நோய்களும் இலை ஈரமாயிருக்கும் காலத்திலேயே பரவுகின்றன.

இந்த அபாயத்தைக் கண்டு அஞ்சி, இன்னும் முந்தி ஆவணியிலேயே நட்டுவிடலாம் என்று நினைப்போரும் உண்டு. அங்கே வேறொரு தடை காத்திருக்கின்றது. சாதாரண தக்காளி இனங்கள் இரவு வெப்பநிலை 21 பாகை செல்சியசுக்கு மேற்படும்போது காய் கட்டுவதில் பின்னடைகின்றன. யாழ்ப்பாணத்தில் செப்டெம்பர் மாத இரவுகள் அந்த அளவை நன்றாகவே தாண்டுகின்றன. வெப்பந் தாங்கும் இனமாக இல்லாவிடின் செடி செழிக்கும், பூவும் நிறையும், காய் மட்டும் வராது. வரண்ட நாட்களில் பெருகும் வெண்ணீ இலைச் சுருட்டு வைரசைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அக்காலத்தில்தான். மேலை நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் முந்திய நடுகைக்கு ஒரே எதிரியாக உறைபனியைக் காட்டுகின்றன. நமக்கோ ஒருபுறம் வெப்பம், மறுபுறம் மழை. நடுவே கிடைக்கும் இடைவெளி மிக ஒடுங்கியது.

அந்த இடைவெளி எல்லா நிலத்திலும் ஒரே அகலமானதுமல்ல. வலிகாமத்துச் செம்மண், கீழே சுண்ணாம்புக் கல்லைக் கொண்டிருப்பதால், பெய்த மழையை விரைவில் வடிய விடுகின்றது. கற்பிட்டியிலும் களுதாவளைப் பக்கத்திலும் உள்ள மணல் நிலமும் அவ்வாறே. ஆனால் நீருடன் பசளையும் கீழிறங்கிவிடும். இவ்விடங்களில் முந்திய நடுகையைத் துணிந்து பார்க்கலாம். வன்னியின் வயலோரத் தாழ்நிலங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் அதே துணிவு பணத்தை வெள்ளத்தில் விடுவதற்கு ஒப்பாகும் என்பதே எமது அபிப்பிராயம். அயலவர் ஒருவர் இலாபம் கண்டார் என்பதை மட்டும் கேட்டு, அவருடைய மண் எத்தகையது என்று கேளாது நட்டவர்களே அதிகம் நட்டமடைந்துள்ளனர்.

துணிவோர் செய்ய வேண்டியவை பலவற்றுள் நாற்றுமேடையே முதன்மையானது. புரட்டாதி இறுதியில் விழும் முதல் மழையில் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்வது வழமை. மேடையை அரை அடியேனும் உயர்த்தி, வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து மண்ணைத் தொற்றுநீக்குவது திணைக்களம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் எளிய முறை. மேலே ஒளி புகும் பொலித்தீனைக் கூடாரமாகக் கட்டினால் மழைத்துளி நேரே விழாது. நடுகைக்கு ஒரு வாரம் முன்பிருந்து நீரைக் குறைத்து நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். நீண்டு மெலிந்த நாற்றைச் சற்று ஆழமாக நடலாம். மண்ணுள் புதையும் தண்டிலிருந்தும் தக்காளி வேர்விடும். மழையை எதிர்பார்க்கும் நிலத்தில் நடுகை உயர்ந்த வரம்பின் மீதே இருத்தல் வேண்டும். வரம்புக்கு வைக்கோல் மூடாக்கு இட்டால் சேறு இலையில் தெறிக்காது. கம்பு நட்டுச் செடியைக் கட்டிவிடுவதும், அடியிலைகளை அகற்றிக் காற்றோட்டம் விடுவதும் கூலி கேட்கும் வேலைகள்தாம். முந்திய பயிரில் இவற்றைத் தவிர்க்க இயலாது.

பற்றீரியா வாடல் நோய் தனியே குறிப்பிடத்தக்கது. இளஞ்சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் இது விரைந்து பரவும். காலையில் பச்சையாக நின்ற செடி மாலையில் துவளும். இலை மஞ்சளாவதற்குக்கூட அவகாசம் இராது. ஐயமிருப்பின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற இழை கீழிறங்கினால் அது பற்றீரியாவே. அதற்கு மருந்தடிப்பதால் பயனில்லை. செடியை மண்ணோடு அகற்ற வேண்டும். முந்திய போகத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நின்ற நிலத்தில் தக்காளியை நடாதிருப்பதும், இந்நோயைத் தாங்கும் இனங்களைக் கேட்டுப் பெறுவதும் தக்க காப்பாகும். தாய்வானைத் தளமாகக் கொண்ட உலக மரக்கறி நிலையம் தெரிந்தெடுத்த கத்தரி இனங்களின் அடிக்கட்டையில் தக்காளியை ஒட்டி நடும் முறையையும் முன்வைத்துள்ளது. கத்தரி வேர் வாடல் நோயையும் சில நாட்கள் நிற்கும் நீரையும் தக்காளி வேரைவிட நன்றாகத் தாங்குகின்றது. வியட்நாமின் லாம் டொங் மாகாணத்தில் தக்காளி ஒட்டு நாற்றுகள் பரவலாக நடப்படுகின்றன. நமது நாற்றுமேடைகளில் ஒட்டு நாற்றுத் தயாரிப்பதற்குப் பெண்கள் குழுக்களுக்குப் பயிற்சியளித்தால் வேலைவாய்ப்பாகவும் அமையும்.

இன்னொரு விடயத்தையும் மறைத்தற்கில்லை. முந்தி நட்டவருக்கு விலை கிடைப்பது ஏனையோர் முந்தி நடாததனாலேயே. ஊர் முழுவதும் ஐப்பசியில் நட்டு, மழையும் கருணை காட்டிவிட்டால், மாசியில் காணும் தேக்கம் தையில் வந்துவிடும். நகையை அடகு வைத்து விதையும் பசளையும் வாங்கியவருக்கு மழையால் வரும் நட்டமும் விலைச் சரிவால் வரும் நட்டமும் ஒன்றே. இதனால் காணி முழுவதையும் ஒரே நாளில் நடாது, காற்பங்கை மட்டும் நீர் வடியும் மேட்டில் ஒக்டோபர் இறுதியில் நட்டு, மிகுதியை மழை தணியும் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து இரு வார இடைவெளியில் பகுதி பகுதியாக நடுவது உசிதம். இதற்காக நவம்பர் இறுதியில் கூடாரத்தின் கீழ் இரண்டாவது தடவை விதை போட்டு வைத்தல் வேண்டும். முதல் நடுகை வெள்ளத்தோடு போனாலும் அந்த நாற்றை அதே வரம்புகளில் நடலாம்.