உங்களுக்குத் தெரியுமா? பட்டா யார் பேரில் இருந்தால் என்ன!

அனந்தபுரத்தில் நள்ளிரவில் ஒரு பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தினால், அவள் விழுப்புரம் பஸ்ஸுக்காக விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம், 24 மணி நேரமும் இயங்கும், காசு கிடையாது. தமிழ்நாட்டில் இது 2018 டிசம்பரில் தொடங்கியது.

அடுத்தது ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம். மத்திய அரசின் நிர்பயா நிதியில் 2015 ஏப்ரலில் பிறந்த திட்டம். வைத்தியம், போலீஸ் புகார், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கேயே வழிசெய்வார்கள். 5 நாள்வரை தங்கலாம். ஐந்து நாளில் எந்தக் குடும்பச் சண்டை தீர்ந்தது? அதற்குமேல் தங்க ‘சக்தி சதன்’ இல்லங்கள் உண்டு (முன்பு ‘சுவாதார் கிரே’, பெயரை மாற்ற மட்டும் யாரும் சளைப்பதில்லை).

பலர் அறியாத சங்கதி வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 17-ஆம் பிரிவு: வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க, பத்திரத்தில் அவள் பெயர் இருக்க வேண்டியதில்லை. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் வெளியேற்றவும் முடியாது. மாமனார் பேரில் உள்ள வீடும் இதில் அடங்கக்கூடும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1930-இல், போக்கிடமற்ற பெண்பிள்ளைகளுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கிவிட்டார்.