ஆப்பிள் தோட்டத்துத் திருவிழாக்களும் நாடகங்களும்

பயிர்த்தொழில் நடைபெறும் தேசம் எதுவாயினும், அங்கே விளைச்சலை ஒட்டிப் பாட்டும் கூத்தும் வழங்கிவருதல் இயல்பு. இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவாரும் உளர். ஆயினும் இங்கிலாந்து தேசத்து ஆப்பிள் விழாக்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அவை அழியுந் தறுவாயிலுள்ள பழ வகைகளைக் காப்பதற்கும் துணைபுரிகின்றன என்பது விளங்கும்.

மரத்தை வாழ்த்தும் சடங்கு

இங்கிலாந்தின் மேற்குப் பாகத்திலுள்ள ஸோமர்செட், டெவன், ஹெரிபோர்டு முதலிய ஜில்லாக்களில் சைடர் என்னும் ஆப்பிள் மது தொன்றுதொட்டுக் காய்ச்சப்படாமல் பிழிந்தே செய்யப்பட்டு வருகிறது. பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக இம்மதுவையே அளந்து கொடுப்பதும் முன்னாளில் வழக்கமாயிருந்தது. 1887-ம் வருஷத்துச் சட்டம் அதனைத் தடுத்தது.

இப்பகுதியில் குளிர்காலத்தின் நடுவே ‘வாஸெயில்’ என்னும் சடங்கு நிகழும். ‘நலமாக இருப்பாயாக’ என்று பொருள்படும் பழைய வாழ்த்துரையினின்று இப்பெயர் பிறந்தது. ஊரார் இருட்டியபின் பந்தங்களேந்தித் தோட்டத்திற்குச் சென்று, வயது முதிர்ந்த ஒரு மரத்தைச் சூழ்ந்து நிற்பர். அதன் வேரில் சைடரை ஊற்றுவர். சைடரில் நனைத்த ரொட்டித் துண்டுகளைக் கிளைகளில் பறவைகளுக்கென்று வைப்பர். பின்னர் வரும் பருவத்தில் நிறையக் காய்க்குமாறு மரத்தை வேண்டிப் பாடித் தட்டுமுட்டுகளைக் கொட்டி, கிளைகளினூடே துப்பாக்கி வேட்டுப் போடுவர். தீய ஆவிகள் அவ்வொலியால் ஓடும் என்பது பழைய நம்பிக்கை.

1752-ம் வருஷத்தில் அத்தேசத்துப் பஞ்சாங்கம் திருத்தப்பட்டு, பதினொரு நாட்கள் நீக்கப்பட்டன. ஸோமர்செட்டைச் சேர்ந்த கார்ஹாம்ப்டன் கிராமத்தாரோ பழைய கணக்கையே பின்பற்றி, ஜனவரி 17-ந் தேதியில் இச்சடங்கை நடத்துகின்றனர்.

தோட்டத்தில் நாடகம்

வாஸெயில் நடைபெறும் பல ஊர்களில் மாரிஸ் என்னும் கிராமிய ஆட்டமும், ‘மம்மர்’ நாடகமும் உடன் நிகழ்வதுண்டு. நடிகர்கள் உள்ளூராரே. அரங்கமும் திரையும் வேண்டுவதில்லை. சில ஊர்களில் காகிதக் கீற்றுகளைத் தைத்த உடையணிந்து முகத்தை மறைத்து வருவர். இரு வீரர் பொருவர். ஒருவன் மாண்டு வீழ்வான். தற்பெருமை பேசும் வைத்தியன் ஒருவன் தோன்றி மருந்திட்டு அவனை எழுப்புவான். கதை யாவர்க்கும் தெரிந்ததே. எனினும் இலையுதிர்ந்த மரங்களின் நடுவே, வீழ்ந்தவன் எழும் அக்காட்சியைக் காண ஊர் முழுதும் திரள்கிறது.

தோட்டங்களின் அழிவு

வெளிநாட்டுப் பழங்கள் மலிந்தமையாலும், வீட்டுமனைகள் பெருகினமையாலும், பழைய தோட்டங்கள் குறைந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900-ம் வருஷ வாக்கிலிருந்த பழைய முறைத் தோட்டங்களில் நூற்றுக்கு 81 பங்கு அழிந்துவிட்டதென்று ‘நேஷனல் டிரஸ்ட்’ 2022-ல் வெளியிட்டது. நஷ்டம் நிலத்தோடு நிற்பதன்று. ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் குணம் வாராது. ஒட்டுக் கட்டியே ஒரு வகையைப் பெருக்குதல் வேண்டும். ஆகவே, ஒட்டெடுக்குமுன் கடைசி மரம் வீழுமாயின் அவ்வகையும் அன்றே மறையும். டாண்டனுக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய ‘கிங்ஸ்டன் பிளாக்’ போன்ற சைடர் வகைகள், ஊரின் நினைவையும் உடன் சுமப்பவை.

ஆப்பிள் தினம்

இந்நிலையில் ‘காமன் கிரவுண்ட்’ என்னும் சங்கத்தார் 1990-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, லண்டன் காவெண்ட் கார்டனில் முதல் ஆப்பிள் தினத்தை நடத்தினர். அவ்விடத்துப் பழச்சந்தை 1974-லேயே வேறிடத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. பின்னர் இவ்விழா நாடெங்கும் பரவியது. தம் வீட்டு மரத்தின் பழத்தைக் கொணர்ந்து நிபுணரிடம் பெயரறிதல், பலவகைப் பழங்களைச் சுவைத்தல், அறுபடாமல் நீளமாகத் தோல் சீவும் போட்டி, பாட்டு, கூத்து ஆகியன இதன் அங்கங்கள்.

விழாவும் கத்தியும்

பாட்டுமட்டும் மரத்தைக் காவாது. நாட்டிங்ஹாம் ஜில்லா, ஸவுத்வெல் ஊரில் 1809-ல் ஒரு சிறுமி ஊன்றிய விதையினின்று வளர்ந்ததே பெயர்பெற்ற ‘பிராம்லி’ ஆப்பிள். அம்மூல மரத்தைக் காளான் நோய் பற்றியபோதும் அவ்வகை அழியவில்லை. ஒட்டுகளின் வாயிலாக அது முன்னரே எங்கும் பரவியிருந்தது. ஊராரும் அதன் பெயரால் விழா எடுக்கின்றனர்.

வாஸெயில் நிகழும் ஜனவரி மாதமே, மரங்கள் உறங்கும் கவாத்துப் பருவமாகவும் ஒட்டுக்கிளை சேகரிக்கும் பருவமாகவும் அமைந்திருத்தல் கருதத்தக்கது. விழாவுக்குக் கூடிய ஊரார், எந்த மரம் முதிர்ந்தது, எதற்கு வாரிசில்லை என்று கண்டு, அப்பருவத்திலேயே கிளையெடுத்து வைப்பாராயின், அடுத்த தலைமுறையார் பாடுவதற்கும் மரம் இருக்கும்.