ரோசினான்டேயின் இரண்டு கதைகள்

பழைய வாகனத்தைப் பாதுகாப்பதென்றால் துருவை நீக்கிச் சாயம் பூசுவதுதான் என்று பலர் நினைக்கின்றனர். அதன் கதையைப் பாதுகாப்பதே அதைவிடக் கடினம் என்பேன். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் வண்டி அதற்கு நல்ல சான்று.

1960-இல் அவர் ஒரு ஜி.எம்.சி. லாரியின் மேல் படுக்கையும் அடுப்பும் கொண்ட சிறு வீட்டைப் பொருத்தி, டான் குவிக்சோட்டின் குதிரையான 'ரோசினான்டே'யின் பெயரைச் சூட்டினார். சார்லி என்னும் தம் நாயுடன் ஏறத்தாழ 10,000 மைல் நாட்டைச் சுற்றினார். 1962-இல் வெளிவந்த பயணநூலால் அவ்வண்டியும் புகழ்பெற்றது. கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில், 1998-இல் திறக்கப்பட்ட தேசிய ஸ்டைன்பெக் மையத்தில் அதைக் காணலாம்.

ஆனால், பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் நூலை அதன் கையெழுத்துப் படியோடும் கடிதங்களோடும் ஒப்பிட்டு, 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாயைத் தவிர வேறு துணையின்றிச் சென்றதாக நூல் காட்டும் பயணத்தில், எழுத்தாளர் பல இரவுகளைத் தம் மனைவியுடன் விடுதிகளில் கழித்திருக்கிறார்! 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையே, நூலை வரிக்கு வரி உண்மையெனக் கொள்ள வேண்டாம் என்றது.

வாசகர் சிலருக்கு இது ஏமாற்றம்தான். எனக்கோ வண்டியின் மீது மதிப்பு கூடியது. அந்தக் கையெழுத்துப் படி மட்டும் குப்பைக்குப் போயிருந்தால், ரோசினான்டே ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அது நாட்டின் மறுகோடியில், நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது.