1 கேபி மெமரியில் ஓர் இசைக் கச்சேரி!

கம்ப்யூட்டரில் இசை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது எம்பி3 பாடல்கள்தான். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் கீபோர்டை இணைத்து, ஏதாவது ஒரு சாப்ட்வேரில் டிராக் டிராக்காகப் பதிவு செய்து பார்த்திருப்பார்கள். ஆனால் மூன்று, நான்கு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து, அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே அந்த நேரத்திலேயே இசையை உருவாக்கினால் எப்படி இருக்கும்? இதை 1978-லேயே ஒரு குழு செய்து காட்டியது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஐபிஎம் பிசியே 1981-ல்தானே வந்தது!

பலகை அளவு கம்ப்யூட்டர்

சான் பிரான்சிஸ்கோவில் 1962-ல் மோர்டன் சுபோட்னிக், ரமோன் செண்டர் ஆகியோர் டேப் மியூசிக் சென்டர் என்ற கூட்டு ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். விலை உயர்ந்த கருவிகளைத் தனித்தனியாக வாங்க முடியாத கலைஞர்கள் அவற்றைப் பகிர்ந்துகொண்டு சோதனை முயற்சிகள் செய்த இடம் அது. 1966-ல் இது ஓக்லாந்து நகரின் மில்ஸ் கல்லூரிக்கு இடம் மாறியது.

அந்த வட்டாரத்தில் உருவானதுதான் 'லீக் ஆஃப் ஆட்டோமேட்டிக் மியூசிக் கம்போசர்ஸ்'. ஜிம் ஹார்ட்டன், ஜான் பிஷாஃப், ரிச் கோல்ட், டேவிட் பெர்மன் ஆகியோர் இதன் தொடக்க கால உறுப்பினர்கள். டிம் பெர்கிஸ் பிறகு சேர்ந்தார்.

இவர்கள் பயன்படுத்தியது 1976-ல் 245 டாலருக்கு வெளிவந்த கிம்-1. மானிட்டர் கிடையாது. ஆறு இலக்க எல்இடி டிஸ்பிளே, சிறிய கீபேட், 1 மெகாஹெர்ட்ஸ் 6502 ப்ராசஸர், சுமார் 1 கேபி ராம். அவ்வளவுதான். இன்று 8 ஜிபி ராம் உள்ள மொபைலில் இதைப் போல் 80 லட்சம் மடங்குக்கு மேல் மெமரி இருக்கிறது.

ஒவ்வொருவரும் தன் கிம்-1-க்குத் தனியாக ஒரு இசை புரோகிராம் எழுதுவார். பிறகு அவற்றின் போர்ட்டுகளை ஒயரால் இணைப்பார்கள். ஒரு கம்ப்யூட்டர் எழுப்பும் சுரத்தின் விவரம் இன்னொன்றுக்குப் போகும். அது தன் தாளத்தையோ சுருதியையோ மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றம் மூன்றாவதைப் பாதிக்கும். அடுத்து என்ன வரும் என்பது புரோகிராம் எழுதியவருக்கே தெரியாது. பெர்க்லி நகரின் ஃபின்னிஷ் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி மணிக்கணக்கில் வாசித்தார்கள். கேட்பவர்கள் விரும்பியபோது வரலாம், போகலாம். ஹார்ட்டனைக் கடுமையான மூட்டுவாத நோய் முடக்கியதால் 1983-ல் குழு கலைந்தது.

ஹப் வந்த கதை

நெட்வொர்க் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே புரியும். ஆள் கூடக் கூட ஒயர்களும் கூடும். நான்கு கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைக்க 6 இணைப்புகள் தேவை. ஆறு என்றால் 15. ஒரு சால்டரிங் விட்டுப்போனாலும் எல்லாம் கெட்டுவிடும்.

எனவே பிஷாஃபும் பெர்கிஸும் 1986 வாக்கில் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். எல்லோரும் தகவலை அதன் மெமரியில் எழுதலாம், மற்றவர் எழுதியதைப் படிக்கலாம். ஓர் அறிவிப்புப் பலகை போல! அதன் பெயரே குழுவின் பெயரும் ஆனது: 'தி ஹப்'. 1987-ல் நியூயார்க்கில் இரு வேறு அரங்குகளில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, டெலிபோன் லைனும் மோடமும் மூலம் இணைந்து வாசித்தார்கள்.

மோடத்தில் இது எப்படி முடிந்தது? அவர்கள் ஒலியை அனுப்பவில்லை, தகவலை மட்டுமே அனுப்பினார்கள். சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் தேவை. 'இந்தச் சுரத்தை இந்த அழுத்தத்தில் வாசி' என்ற மிடி கட்டளைக்கோ 3 பைட் போதும்.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. 1997-ல் மூன்று இடங்களிலிருந்து இன்டர்நெட் வழியே வாசிக்க முயன்றபோது, வாசித்த நேரத்தைவிடப் பிழை திருத்திய நேரமே அதிகம். சாப்ட்வேர் துறையில் இருக்கும் எனக்கு இந்தக் கதை மிகவும் பழக்கமானதாகத் தோன்றியது!

வீட்டில் செய்து பார்க்க

இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு ரவுட்டர் இருந்தால் போதும். சாம் ஏரன் உருவாக்கிய சோனிக் பை என்ற இலவச சாப்ட்வேரை இரண்டிலும் நிறுவுங்கள். பிரிஃபரன்சஸ் பகுதியில் ஐஓ டேபைத் திறந்து, மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் ஓஎஸ்சி செய்திகளை அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். எதிர் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியையும் 4560 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்து, ஒரு எண்ணை அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததும் அந்த எண்ணுக்குரிய சுரம் ஒலிக்கும்படி எதிர்ப்பக்கம் நான்கைந்து வரிகள் எழுதினால் போதும்.

நானும் என் அறை நண்பரும் ஒரு சனிக்கிழமை இரவு இதைச் செய்தோம். முதல் ஒரு மணி நேரம் சத்தமே வரவில்லை. ஃபயர்வால் தடுத்துக்கொண்டிருந்தது! அதைச் சரிசெய்ததும் வேறு வம்பு. சுரம் வந்தால் உடனே பதில் சுரம் அனுப்ப வேண்டும் என்று இருவருமே எழுதியிருந்தோம். என் சுரத்துக்கு அவருடைய கம்ப்யூட்டர் பதில் தர, அதற்கு என்னுடையது பதில் தர, முடிவில்லாத லூப்! அறை முழுவதும் ஒரே இரைச்சல்.

நான்கு சுரம் வந்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லும்படி மாற்றினோம். இடையில் மௌனம் வந்தது. அந்த மௌனத்தில் மற்றவர் என்ன வாசிக்கிறார் என்று காதில் விழுந்தது. அப்போதுதான் அது இசை போலக் கேட்கத் தொடங்கியது. கூடி வாசிக்கும் எவருக்கும் தெரிந்த பாடத்தை இரண்டு லேப்டாப்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தன.

'தி ஹப்' குழுவிடம் இருந்ததைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்த கருவி இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரை அவருடைய லேப்டாப்புடன் வீட்டுக்கு அழையுங்கள். வால்யூமை மட்டும் முதலில் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்!