குண்டு விழும் ஊரில் பிள்ளை, பீரோவில் இல்லாத தாள்கள்

2025 ஜூன் 23 இரவு கத்தாரின் அல் உதைத் அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. வளைகுடா நாடுகள் பல சில மணி நேரம் வான்வெளியை மூடின. ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் பிள்ளையை அங்கே அனுப்பியிருந்த வீடுகளில் அன்று யார் தூங்கியிருப்பார்கள்? ஆனால் மறுநாள் பேச்செல்லாம் எந்த ஏவுகணை எங்கே விழுந்தது என்பதுதான். "மகனின் பாஸ்போர்ட் எண் சொல்லுங்க" என்றால், "ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். ஒவ்வொரு போரிலும் இதே கதை.

குண்டு விழும் நகரத்தில் மாட்டிக்கொண்டவருக்குத் தண்ணீருக்கும் செல்போன் சார்ஜுக்கும் அலையவே பொழுது போதாது. 2022 மார்ச் 1 அன்று உக்ரைனின் கார்கிவில் கர்நாடக மருத்துவ மாணவர் ஒருவர் உணவுப் பொருள் வாங்கப் போன இடத்தில்தான் குண்டுவீச்சுக்குப் பலியானார். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் தாள்களைத் தேட முடியாது. அந்த வேலை இங்கே, நம் வீட்டில், முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை தூதரகப் பதிவு. பிள்ளை வேலை செய்யும் நாட்டின் இந்தியத் தூதரக இணையதளத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், தங்கும் முகவரி, அங்குள்ள செல் எண், ஊர் செல் எண் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். அறை மாறினால் திருத்த வேண்டும். 2023இல் சூடானிலிருந்து 'ஆபரேஷன் காவேரி' மூலம் இந்தியர்களை மீட்டபோது, கார்ட்டூமிலிருந்து போர்ட் சூடானுக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த்தான் கப்பலோ விமானமோ ஏறினார்கள். எந்த இடத்தில் எப்போது கூட வேண்டும் என்பது தூதரகத்தின் தொடர்பில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். கார்கிவிலும் அப்படித்தான்: 2022 மார்ச் 2 அன்று, வண்டி இல்லாவிட்டால் நடந்தாவது நகரை விட்டு வெளியேறுங்கள் என்று தூதரகமே அறிவித்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, பாஸ்போர்ட். கஃபீல், அதாவது வேலைக்கு எடுத்த முதலாளி, வாங்கி வைத்துக்கொள்வது ஊரறிந்த வழக்கம். ஆனால் அது இந்திய அரசின் சொத்து. முதலாளிக்கு அதன்மேல் உரிமை இல்லை. முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம், அடையாள அட்டை ஆகிய ஐந்தையும் நகலெடுத்து வீட்டில் ஒரு கோப்பிலும் இரண்டு பேர் போனிலும் வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகம் 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' தரும். அது ஊர் திரும்ப மட்டும் செல்லும். நகல் இருந்தால் அது சீக்கிரம் கிடைக்கும். இல்லையென்றால், இவர் இந்தியர்தானா என்று விசாரிப்பதிலேயே நாள் ஓடும்.

விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த வழியில் போனால்தான் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு சேரும்: விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய், பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுப்பவர்கள் இந்த 275 ரூபாயில் மிச்சம் பிடிக்கிறார்கள். எந்தக் காப்பீடானாலும், போரால் வரும் இழப்புக்கு விலக்கு உண்டா என்று பாலிசித் தாளைப் படித்துப் பாருங்கள். பல பயணக் காப்பீடுகள் போரை ஏற்பதில்லை.

இனி, பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டால் கொடுக்க வேண்டிய மனு. ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். "என் மகனை மீட்டுத் தாருங்கள்" என்று ஒரு வரி எழுதினால் அது கட்டோடு கட்டாகக் கிடக்கும். பாஸ்போர்ட் எண், நாடு, நகரம், கம்பெனி பெயர், கடைசியாகப் பேசிய தேதி, அங்குள்ள எண் எல்லாம் எழுதி, நகல்களை இணைத்து, ரசீது வாங்குங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். "இது எங்க வேலை இல்லை, சென்னைக்குப் போங்க" என்று சொல்லும் மேசைகளும் உண்டு. பதிவு எண் கையில் இருந்தால் அந்தப் பேச்சு குறையும். கூடவே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் புகாரைப் பதியுங்கள். சேப்பாக்கம் எழிலகத்தில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது; கட்டணமில்லா எண் 1800 309 3793. கையில் காசில்லாமல் தவிப்பவரின் தங்குமிடம், டிக்கெட், இறந்தவர் உடலைக் கொண்டுவரும் செலவு ஆகியவற்றுக்குத் தூதரகத்திடம் இந்தியச் சமூக நல நிதி உள்ளது. கேட்டால்தான் கிடைக்கும், எழுத்தில் கேளுங்கள்.

ஏவுகணையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி நச்சரிக்கும் உறவினர்களே, தாக்குதல் காட்சிகளைப் பகிர்ந்ததற்காகக் கைது செய்யும் நாடுகள் உண்டு. "பத்திரமாக இருக்கிறேன்" என்று ஒரு வரிச் செய்தி வந்தால் போதும்.

பள்ளிவாசல் ஜமாஅத்துகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென ஒரு பதிவேடு வைத்தால் பாதி அலைச்சல் குறையும். சந்தா பாக்கியை இத்தனை கவனமாக எழுதுகிறவர்களுக்கு இது கடினமான வேலை அல்ல. அதில் விசா வகை என்றொரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். 'விசிட்' என்று எழுத வேண்டிவந்தால், பையன் விமானம் ஏறும் முன்பே அத்தாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.