பேமிற் காணிக்கு எப்போது உறுதி?

கிளிநொச்சிப் பக்கம் காணி விலை பேசுபவர்கள் முதலில் கேட்பது, "உறுதிக் காணியோ, பேமிற் காணியோ?" என்றுதான். பேமிற் என்றால் பேரம் அங்கேயே படுத்துவிடும். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பலவற்றின் கையில் இருப்பது, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம், அதுதான் பேமிற். மூன்று தலைமுறை உழுதாலும் நிலம் அரசுடையது. அந்தக் குடும்பங்கள் நினைத்தபடி அதை விற்கவோ பங்கு பிரிக்கவோ முடியாது.

அன்று காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்க இந்தக் கட்டுகளைப் போட்டதற்குக் காரணம் இருந்தது. ஏழை விவசாயி கடன்பட்டு நிலத்தை இழந்துவிடுவான் என்ற அச்சம் அது. நியாயமான அச்சம்தான். ஆனால் இன்று கிணறு கட்டவும் நீர்ப்பம்பி வாங்கவும் விதை வெங்காயத்துக்கும் பணம் வேண்டும். பேமிற்றை ஈடாக ஏற்க வங்கி தயங்குகிறது. தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அதுவும் போதாதபோது வாரக் கடன்காரர் வாசலுக்கு வருகிறார். எவரிடமிருந்து காக்க எழுதப்பட்டதோ, அவரிடமே இந்தச் சட்டம் விவசாயியை அனுப்பிவைக்கிறது.

பெண்களுக்கு இழைத்த அநீதி இன்னும் பெரிது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் மகளுக்கு முன் மகனுக்கே காணி என்றிருந்தது. மறுமணம் செய்த விதவை உரிமை இழப்பாள். 2022இல் வந்த திருத்தம்தான் வாரிசு வரிசையிலிருந்த ஆண், பெண் பேதத்தை நீக்கியது. அதற்குள் போர் முடிந்து 13 ஆண்டுகள். பேமிற் கணவன் பெயரில், கணவன் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில். அவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்திட மனமில்லாத மனைவி, காணியைத் தன் பெயருக்கு மாற்ற எத்தனை முறை பிரதேச செயலகப் படி ஏறுவாள்?

2024இல் அரசு தொடங்கிய 'உறுமய' திட்டம் முழு உரிமை தருவதாகச் சொன்னது. திசை சரி. ஆனால் வெறும் உறுதியை நீட்டிவிட்டு ஒதுங்கினால், அடுத்த வறட்சியில் காணி கைமாறும். உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரவேண்டும். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்பனையைத் தடுக்கலாம், ஈடு வைப்பதைத் தடுக்கக் கூடாது. கடன் தவறினால் வங்கி ஏலம் போடாமல், சில போகங்களுக்குக் குத்தகை விட்டு அறவிட வழி செய்யலாம். கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்களின் கோப்புகளை மரணச் சான்றிதழ் கேட்காமல் முதலில் எடுக்க வேண்டும். காணாமற்போனோருக்கான சான்றிதழ் 2016 முதலே சட்டத்தில் இருக்கிறது. காணிக் கந்தோர்கள் அதைத் தயங்காமல் ஏற்கட்டும்.