மலையும் மனிதரும் – 11: பிள்ளைகள் பேரில் ஒரு தேயிலை

போன வாரம் லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லரின் சாவோடு நிறுத்தியிருந்தேன். 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர், 1892-ல் அதே தோட்டத்தில் கண்ணை மூடினார். எங்கள் ஆட்கள் முறைவைத்துத் தோள் மாற்றி அவரைக் கண்டி மகியாவ மயானம் வரை சுமந்துபோனார்கள். 'சாமி துரை' என்பது அவர்கள் அவருக்கு வைத்த பேர். அவர் கல்யாணம் கட்டவில்லை. 1890-ல் வந்து தம்பேதன்னையை வாங்கி, சிலோன் டீயைத் தன் பேரில் உலகத்துக்கு விற்ற தோமஸ் லிப்டனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் கிடையாது. நம் தேயிலையில் பேர் போட்ட பெரியவர்களில் குடும்பஸ்தர்கள் குறைவு.

இந்த வாரத்து ஆள் அப்படியில்லை. அவர் பிள்ளைகளின் பேர்தான் பக்கெட்டிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் டில்மா வந்தது மெல்பர்னிலிருந்து. டிக்கோயாவில் நாங்கள் இருந்த லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தேயிலை ஸ்டோர். கொழுந்து வாடும் வாசம் ராத்திரியெல்லாம் ஜன்னல் வழியே வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து லீவில் வந்த சித்தி தேயிலை பக்கெட் கொண்டுவந்தார். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கத்தரிக்கோலால் ஒரு பையை வெட்டி, தூளைப் பேப்பரில் கொட்டி, ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார்.

"நம்ம மலைத் தூளுதான். டஸ்ட்டு இல்ல, நல்ல தூளு. ஆமா, டில்மான்னா யாரு?"

சித்திக்குத் தெரியவில்லை. எனக்கும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. டில்ஹான், மாலிக். இரண்டு மகன்மாரின் பேரையும் ஒட்டவைத்து அப்பா செய்த சொல் அது.

அந்த அப்பா, மெரில் ஜே. பெர்னாண்டோ. 1930 மே 6-ந் தேதி, நீர்கொழும்புக்குப் பக்கத்துப் பல்லன்சேனையில் பிறந்தவர். கடற்கரைக் கத்தோலிக்கக் கிராமம். தேயிலைக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் இளந்தாரியாக இருந்தபோது தேயிலை ருசி பார்க்கும் வேலை வெள்ளைக்காரர்களுடைய தனிச்சொத்து. உள்ளூர்க்காரன் கறி தின்கிறவன், அவன் நாக்குக்குத் தேயிலையின் நுணுக்கம் பிடிபடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். நாக்குக்குக்கூட ஜாதி பார்த்த காலம். அந்தக் கதவு கொஞ்சம் திறந்தபோது உள்ளே எடுக்கப்பட்ட முதல் சில இலங்கையரில் மெரிலும் ஒருவர்.

டீ டேஸ்டர் வேலையைப் பார்த்திராதவர்களுக்கு: நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சில்லறைக் காசு எடைக்குத் தூள், கொதிநீர், சில நிமிஷ ஊறல். டேஸ்டர் கரண்டியால் அள்ளி 'ஸ்ர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், துப்புவார், அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார். நம் வீட்டில் பிள்ளைகள் அப்படி உறிஞ்சினால் தலையில் குட்டு விழும். நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய பொன் நிறத்தையும், திம்புளையின் தெளிவையும், ஊவாவின் காற்றுக்கால வாசத்தையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துச் சொல்லும் நாக்கு இப்படித்தான் பழகுகிறது.

1950-களில் மெரில் பயிற்சிக்கு லண்டன் போனார். மின்சிங் லேன் அந்தக் காலத்துத் தேயிலை உலகத்தின் தலைவாசல். அங்கே அவர் கண்டதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் மலையிலிருந்து பெட்டி பெட்டியாகப் போன தேயிலையை, மலிவான வேறு நாட்டுத் தேயிலைகளோடு கலந்து, அங்குள்ள கம்பெனிகள் தங்கள் பேரைப் போட்டு விற்றன. லாபத்தின் பெரும்பங்கு பேர் போட்டவனுக்கு. விளைவித்த நாட்டுக்கு மொத்த விலை மட்டும்.

கொழும்பில் 1883 ஜூலை 30-ந் தேதி முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. தோட்டத்து மார்க்கோடு ஏலத்துக்குப் போகிற தூள், வாங்குகிறவர் கைக்குப் போனதும் அந்த மார்க்கை இழந்துவிடும். கலந்து, பக்கெட்டில் அடைத்து, கடைத் தட்டில் வைக்கும்போது அது வேறொருவர் பிள்ளை. மெரில் இதை மாற்ற நினைத்தார். நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவே முப்பது வருஷம் ஓடியது. கொழும்பில் வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம், பிறகு சொந்தத்தில் ஏற்றுமதி, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மொத்தச் சரக்கு என்று, எதைக் குறை சொன்னாரோ அதே வியாபாரத்தைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார். இடையில் 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின.

1985-ல் டில்மா பிறந்தபோது அவருக்கு வயது 55. மற்றவர்கள் பென்ஷனுக்கு நாள் எண்ணுகிற வயது.

ஹட்டன் டவுனில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் 'அன்ட் சன்ஸ்' என்று முடியும் போர்டுகளைப் பார்க்கலாம். அப்பா பேர் முன்னால், மகன்மார் வால் மாதிரிப் பின்னால். நம் வியாபாரிகள் வழக்கம் அது. மெரில் அதைத் தலைகீழாகப் போட்டார். தன் பேரை உள்ளே வைத்துக்கொண்டு மகன்மாரை முகப்பில் நிறுத்தினார். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் இதில் வியாபாரியின் துணிச்சலும் இருக்கிறதாக நினைக்கிறேன். தூள் மட்டமாக இருந்தால் ஏச்சு வாங்குவது பிள்ளைகளின் பேர். தகப்பன் சும்மா விடுவானா?

முகத்தை மட்டும் அவர் கொடுத்தார். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து டிவி விளம்பரங்களில் நடிகர்களை வைக்காமல் தானே வந்து நின்றார். வெள்ளை முடி, மெதுவான பேச்சு, கடைசியில் குடித்துப் பாருங்களேன் என்று ஒரு வேண்டுகோள். கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்தவரிடம் தாத்தா ஒருவர் சொல்வது மாதிரி. அங்குள்ளவர்களுக்கு அந்தத் தாத்தாவைப் பிடித்துப்போனது. பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு டில்மா போனது. மகன்மாரும் தொழிலுக்கு வந்தார்கள். டில்ஹான் தேயிலையைப் பார்த்துக்கொண்டார், மாலிக் ஹோட்டல் பக்கம் போனார்.

அந்த ஹோட்டல் பக்கம்தான் எங்கள் மலைக்கு வந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இருந்த பழைய துரை பங்களாக்களைச் சீர்படுத்தி, 2005-ல் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்று திறந்தார்கள். எங்கள் தாத்தா காலத்தில் பங்களா கேட்டைத் தாண்டி நம்மவர்கள் உள்ளே போனதெல்லாம் அப்பு, ஆயா, தோட்டக்காரன் என்ற பேரில்தான். இப்போது அதே வராந்தாவில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து, கீழே கொழுந்து எடுக்கும் நிரையைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கிறார்கள். நம் பிள்ளைகள் சிலர் அங்கே யூனிபோர்ம் போட்டுக் கைநிறையச் சம்பளமும் வாங்குகிறார்கள். இதைப் பார்த்து எனக்கு வருவது சந்தோஷமா கோபமா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

மெரிலின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது, வியாபாரம் மனிதருக்குச் செய்யும் சேவையாக இருக்க வேண்டும் என்பது. கேட்டுக் கேட்டுப் புளித்த வசனம்தான். ஆனால் அவர் தன் பேரில் அறக்கட்டளை வைத்து, லாபத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கினார். பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், சிறு தொழில் தொடங்குவோர் என்று பலருக்கு அந்தக் காசு போய்ச் சேர்ந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வெளிநாட்டுத் தேயிலையை இறக்கிக் கொழும்பில் கலந்து ஏற்றுமதி செய்ய விடவேண்டும் என்று ஏற்றுமதிக்காரர்கள் சிலர் கேட்டபோது, அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மலைத் தூள் இந்த மலைத் தூளாகவே போகவேண்டும் என்று நின்றார். மின்சிங் லேனில் கண்டது கொழும்பிலும் நடக்கக்கூடாது என்பது அவர் வீம்பு. அந்த வீம்பு நமக்கும் நல்லது.

அவர் வீட்டுத் தேயிலையில் ஒரு வகைக்கு விளையும் உயரத்தை வைத்தே பேர் வைத்திருக்கிறார்கள். ரன் வத்த, உட வத்த, மெத வத்த, யட வத்த. 'வத்த' என்றால் தோட்டம். ஆக மகன்மார் பேர் வந்தது, தோட்டத்தின் பேரும் வந்தது.

பேர் என்ற சொல்லுக்கு எங்கள் தோட்டங்களில் இன்னொரு அர்த்தம் உண்டு. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் பதிவைத்தான் 'பேர்' என்போம். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்பார் அம்மா. சொன்ன கிலோ வராவிட்டால் கணக்கப்பிள்ளை போடுவது அரைப்பேர். ஒரு பேருக்கு 18 கிலோ கொழுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். 18 கிலோவுக்கு 4 கிலோ தூள் வரும். பைக்கு 2 கிராம் போட்டால் 2000 பை, 2000 கோப்பை. அம்மாவின் ஒரு நாள்.

மெரில் ஜே. பெர்னாண்டோ 2023 ஜூலை 20-ந் தேதி, 93 வயதில் காலமானார். அந்த வருஷம் மலையில் ஒரு பேருக்கு 1000 ரூபாய்.

(அடுத்த வாரம் தலவாக்கலை)